நாலு மணிச் சங்கும் எங்கள் ஏ டிவிஷனும்

இரண்டு பேருக்கு நடுவில் நின்று ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லும் தொழிலில், சண்டை மூண்டால் முதல் அடி நடுவில் நிற்பவருக்குத்தான். கோர்ட்டிலோ ஆஸ்பத்திரியிலோ, "அவர் என்ன சொல்றார்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்று யாராவது உங்களைப் பிடித்து நிறுத்தியிருந்தால், வாருங்கள், நீங்களும் என் இனம். நான் இந்த வம்பில் மாட்டியது மூணாறில், எழுபதுகளில், பத்து மாதம்.

மெஷின் ஒன்று, பந்து ஒன்று

என் ஊர் வேலந்தாவளம் பக்கம். கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. ரசாயனம் படித்தேன். ஆராய்ச்சிக் கட்டுரைகள் படிக்க உதவும் என்று கூடவே இரண்டு வருஷம் ஜெர்மனும் படித்தேன். ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும்வரை வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஜெர்மன் தெரிந்தவர் தேவை என்று ஒரு தேயிலைக் கம்பெனி கொடுத்த விளம்பரத்துக்கு எழுதிப் போட்டேன். "எலையைக் காயவெக்கற மெஷினுக்குப் பேசறதுக்கா அம்மிணி இத்தனை படிச்சே?" என்றார் அப்பா. அரை நாள் வாதாடினேன். மூணாறுக்குப் போகட்டும் என்று அவர் சொன்னது சம்மதத்தினாலா, காது வலியினாலா என்று இன்றுவரை தெரியாது.

ஃபாக்டரியில் புதிதாக இறக்கியிருந்த மெஷினைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, ஆட்களைப் பழக்கிவிட்டுப் போக ஒரு ஜெர்மானியர் வந்திருந்தார். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது 'குட்மார்னிங்', 'டேஞ்சர்' இரண்டும்தான். பகலெல்லாம் மெஷின். சாயங்காலமானால் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். அந்த மெஷினைச் செய்த ஜெர்மன் கம்பெனிக்குச் சொந்தமாக ஃபுட்பால் அணி இருந்ததாம், அதில் இவர் பயிற்சி கொடுத்தவராம். எங்கள் மானேஜர் துரை விடுவாரா? எஸ்டேட் அணி முந்தின வருஷம்தான் பி டிவிஷனில் ஜெயித்து, முதல்முறையாக மாவட்ட லீக்கின் ஏ டிவிஷனுக்கு ஏறியிருந்தது. மெஷினோடு கோச்சும் இலவசம் என்று பிடித்துப் போட்டுவிட்டார்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. நான் கையெழுத்துப் போட்ட தாளில் பந்து என்ற சொல்லே கிடையாது. கார்னர் கிக்குக்கு ஜெர்மனில் என்ன என்று எந்த ரசாயனப் புத்தகத்தில் போட்டிருக்கிறது? "ஏனுங்க, இது நியாயமுங்களா?" என்று அணியின் கேப்டன் சூசையிடமே கேட்டேன். பகலில் ஃபாக்டரியில் சல்லடை ஓட்டுகிறவர், எல்லோரையும்போல என்னை டீச்சர் என்றே கூப்பிடுகிறவர். அவர் நிதானமாக பூட்ஸ் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: "எங்களுக்கு மட்டும் ஏ டிவிஷன் தெரியுமாக்கும்? வாங்க டீச்சர், சேந்து முழிப்போம்."

நான் சேர்த்த பால்

ஒரு நாள் மானேஜர் துரை மைதானத்துக்கு வந்து, "இவர்களிடம் ஒழுங்கு இல்லை, இன்னும் கடுமையாக இருக்கச் சொல்" என்றார். நான் ஜெர்மனில் அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். காலை ஏழு மணியிலிருந்து தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி பிடித்துவிட்டு வருகிற மனிதர்களுக்கு ஒரு கிளாஸ் பால்கூடக் கொடுக்காத கம்பெனி ஒழுங்கைப் பற்றிப் பேசலாமா என்பதையும் அதே மூச்சில் சேர்த்துவிட்டேன்.

கோச் பலமாகத் தலையாட்டினார். மானேஜரைப் பார்த்து, கிளாஸைத் தூக்கிக் குடிப்பதுபோல் கையால் காட்டி, "பால்! பால்!" என்று ஜெர்மனில் முழங்கினார். மானேஜர் முழித்தார். "நான் பாலைப் பற்றி எப்போது பேசினேன்?" என்று என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து பால் வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் எனக்கு கோச்சிடமிருந்து ஒரு விதியும் வந்தது. நான் சொந்தமாக ஏதாவது சொல்வதானால் வலது கையைத் தூக்கிக்கொண்டு சொல்ல வேண்டும். கை கீழே இருந்தால் அது அடுத்தவர் பேச்சு. பள்ளிக்கூடப் பிள்ளையா நான் என்று கொதித்தேன், கையைத் தூக்கிக்கொண்டுதான். அதற்கு கோச் சொன்ன பதில்: "பால் வந்தது நல்லது. ஆனால் இனி அவர் சொன்னது எது, நீ சொன்னது எது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

பேச்சியம்மாளின் அடுப்பு

கோல்கீப்பர் முத்தையா பேசவே மாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் அம்மா பேச்சியம்மாள் பேசுவார். கொழுந்து பறிக்கிறவர், வருகிற மார்ச் மாதக் கடைசியில் ரிட்டயர். கம்பெனி கொடுத்த லயத்து வீடு யாருக்கு என்பதில் அந்த எஸ்டேட்டின் சட்டம் எளிமையானது. குடும்பத்தில் ஒருவர் பெயராவது மஸ்டர் என்கிற ஆள் பதிவேட்டில் நிரந்தரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். முத்தையா தற்காலிகம். அணியில் அவர்போல ஏழு பேர்.

லீக் தொடங்குவதற்கு முந்தின வாரம், மஞ்சு இறங்கி எதிர் கோல்போஸ்ட் தெரியாத ஒரு சாயங்காலம், மானேஜர் துரை மைதானத்தில் எல்லோரையும் கூட்டினார். உற்சாகமாக இருந்தார். "முதல் நாலு இடத்துக்குள் வந்தால் அணியிலுள்ள தற்காலிக ஆட்கள் அத்தனை பேரையும் நிரந்தரமாக்குகிறேன். வராவிட்டால் அணியைக் கலைத்துவிடுவேன்" என்றார் இங்கிலீஷில். கோச்சுக்கு ஜெர்மனிலும் அணிக்குத் தமிழிலும் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. கை கீழே.

மறுநாள் காலை கொழுந்துக் கூடையோடு என்னை வழிமறித்த பேச்சியம்மாள், நாலாவது இடம் என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்டார். பத்து அணியில் முதல் நாலு என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டு சொன்னார்: "உங்களுக்கு அது பந்து வெளையாட்டு டீச்சர். எனக்கு அது அடுப்பு இருக்க எடம்."

சங்கு ஊதியாச்சு

முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில். எதிரணி தொடுபுழா பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்த பழைய ஏ டிவிஷன்காரர்கள். வந்து இறங்கியதுமே, "கொழுந்து பறிக்கிறவங்களுக்கு ஃபுட்பால் எதுக்கு?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டம் மூன்றரைக்குத் தொடங்கியது. எங்கள் ஆட்கள் அழகாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள், நாலு மணிவரை.

நாலு மணிக்கு, வேலை முடிந்தது என்று ஃபாக்டரிச் சங்கு ஊதியது. சத்தியமாகச் சொல்கிறேன், பதினோரு பேரும் நின்றுவிட்டார்கள். ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிவெடுத்தார். முத்தையா கோல்போஸ்டில் மாட்டியிருந்த துண்டை எடுத்து முகம் துடைத்தார். எதிரணி ஆள் ஒருவன் நடந்துபோய், ஆமாம், நடந்துபோய், பந்தை கோலுக்குள் தட்டிவிட்டு வந்தான். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

கோச் கத்தியதை எல்லாம் நான் தமிழில் சொல்லவில்லை. என் தமிழில் அதற்கெல்லாம் சொல் கிடையாது. சுருக்கமாக, "ஏன் நின்றீர்கள் என்று கேட்கிறார்" என்றேன். சூசை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "நடக்கப் பழகின நாள்லேருந்து நாலு மணிச் சங்குக்கு நின்னு பழக்கம் டீச்சர். நின்னது எங்க தப்புத்தான், ஆட்டத்துக்கு நடுவுல ஊதுனது யாரு தப்புன்னு தொரைட்ட கேளுங்க."

நிரை

சங்கை நிறுத்த முடியாது என்று ஃபாக்டரியில் கையை விரித்துவிட்டார்கள். கோச் வேறு வழி பிடித்தார். இனி சங்கு ஊதினால் நிற்கக்கூடாது. பந்து யார் காலில் இருந்தாலும் எல்லோரும் முன்னால் ஓட வேண்டும். தினமும் நாலு மணிக்கு அதே பயிற்சி. உடம்பில் ஏறியிருந்த பழக்கத்தை இறக்க முடியாவிட்டால் திருப்பியாவது விடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

ஆனால் அவருடைய பெரிய தலைவலி தடுப்பாட்டம். பந்து எங்கே போகிறதோ அங்கே பத்துப் பேரும் திருவிழாக் கூட்டம்போல் ஓடினார்கள். "ஆளைத் துரத்தாதே, இடத்தைக் காப்பாற்று" என்று கோச் சொல்வார். நானும் சொல்வேன். பலகையில் கோடு போட்டுக் காட்டினேன், வட்டம் போட்டேன், அம்பு போட்டேன். ஒரு வாரம் போனது. கடைசியில் கையைத் தூக்கிக்கொண்டு, "இந்த ஆசாமி சொல்வது எனக்கே புரியவில்லை" என்று ஒத்துக்கொண்டேன்.

அப்போதுதான் முத்தையா வாயைத் திறந்தார், அந்த மாதத்தில் முதல்முறையாக. தேயிலைக் காட்டில் ஆளுக்கொரு நிரை பிடித்துத்தான் வேலை. உன் நிரைச் செடி உன் பொறுப்பு, அடுத்தவர் நிரையில் கை வைத்தால் கங்காணி வருவதற்கு முன் அடுத்தவரே வந்துவிடுவார். பந்து என் நிரைக்குள் வந்தால் என்னுடையது, தாண்டினால் அடுத்தவருடையது, அவ்வளவுதானே என்றார். மறுநாள் மைதானத்தைப் பார்த்த கோச்சுக்குக் கண்ணில் தண்ணீர். ஒரே இரவில் என்ன செய்தாய் என்று என்னைக் கேட்டார். புகழை வாங்கிக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆனால் சூசை பக்கத்திலேயே நின்றார்: "சொல்லுங்க டீச்சர், இத கம்பெனி எங்களுக்கு முப்பது வருசமா சொல்லிக் குடுத்திருக்குன்னு."

நட்டு முடுக்குகிறவர்கள்

அதற்குப் பிறகு ஜெயிக்க ஆரம்பித்தோம். மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயித்ததும், கீழ்நாட்டு அணிகள் வேறு பாட்டைத் தொடங்கின: கம்பெனிப் பணம், கம்பெனி பூட்ஸ், கம்பெனி கோச், இதெல்லாம் ஒரு அணியா?

ஆச்சரியம் என்னவென்றால், அதே வாரத்தில் கோச்சின் மனைவி அனுப்பிய கடிதத்துக்குள் ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. ஜெர்மனியில் அவருடைய மெஷின் கம்பெனி அணியும் அந்த வருஷம்தான் முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. கடைசி இடத்துக்கு வரும் என்று எல்லோரும் சொல்லியிருக்க, பெரிய பெரிய பழைய கிளப்புகளை வரிசையாகத் தோற்கடித்து மூன்றாவது இடத்தில் நின்றது. போகிற ஊரிலெல்லாம் கூட்டம், "போய் நட்டு முடுக்குங்கடா!" என்று கத்துகிறதாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை நான் வாசித்துச் சொல்ல, எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து கடிதம் வந்தால் போதும், "நம்ம நட்டுக்காரங்க என்ன ஆனாங்க?" என்று என்னை மொய்த்துவிடுவார்கள்.

எனக்கோ அந்தப் பழைய கிளப்புகள் சொல்வதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. கையைத் தூக்கினேன். ஊர் கூடி வளர்த்த கிளப்பும் ஒரு கம்பெனி தன் பெயரை விளம்பரம் செய்ய வளர்த்த கிளப்பும் ஒன்றா என்று கோச்சிடம் ஒரு மணி நேரம் வாதாடினேன். அவர் கோபப்படவில்லை. உன் ஊரில் ஃபுட்பால் அணி உண்டா என்றார். உண்டு என்றேன். யார் செலவு என்றார். ஜெர்ஸி, பந்து, கோப்பை எல்லாம் எங்கள் அப்பாதான், தோட்டத்து வருமானத்திலிருந்து என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கோச் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார்: "பரவாயில்லை, கையை இறக்கிக்கொள்."

இரண்டாவது சங்கு

மார்ச் மாதம், கடைசி ஆட்டம். அதே தொடுபுழா அணி, அதே மைதானம். நாங்கள் நாலாவது இடத்தில் நின்றோம், ஐந்தாவதில் அவர்கள். டிரா செய்தாலே எங்களுக்குப் போதும். பேச்சியம்மாள் பக்கத்து மேட்டுக்குச் சீக்கிரமே வந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நடப்பதை நான் அவருக்குச் சொல்ல வேண்டுமாம். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தது அன்றுதான்.

பத்தாவது நிமிஷம் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். "என்ன சத்தம்?" என்றார் பேச்சியம்மாள். "ஒண்ணுமில்லீங்க" என்று பொய் சொன்னேன், கையைத் தூக்காமல். விதி ஜெர்மானியருக்குத்தானே.

நாலு மணி. சங்கு. போன தடவைக் கதை நன்றாக நினைவிருந்ததால், எதிரணித் தடுப்பாளர்கள் சிரித்துக்கொண்டே தளர்ந்து நின்றார்கள். எங்கள் ஆட்கள் ஓடினார்கள். பத்துப் பேரும் ஒன்றாக, மேட்டிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டதுபோல. சூசை அடித்த பந்து வலைக்குள் போன பிறகும் சங்கு ஊதி ஓயவில்லை. மீதி நேரமெல்லாம் அவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள், முத்தையா விழுந்து விழுந்து பிடித்துக்கொண்டே இருந்தார். கடைசி விசிலில் ஒன்றுக்கு ஒன்று. எதிரணிக் கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டு தன் ஆட்களிடம் மலையாளத்தில் கேட்டது எங்கள் மேடுவரை கேட்டது: "சங்கு ஊதியால் இவர் நில்க்கும் என்னல்லே பறஞ்ஞது!"

கை கீழே

இரண்டு நாள் கழித்து ஆபீஸுக்குப் போனோம். நானும் கோச்சும் உள்ளே, அணி வராந்தாவில். கோச் வாழ்த்துச் சொல்லி, நிரந்தரப் பட்டியலைப் பற்றிக் கேட்டார். மானேஜர் துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் முயற்சி செய்கிறேன் என்றுதான் சொன்னேன். இந்தப் பெண் எதையும் கூட்டிச் சொல்கிறவள். பால் விஷயம் அவருக்கு நினைவில்லையா? இதையும் அவளே சேர்த்திருப்பாள்."

என் இனத்தவரே, யோசித்துப் பாருங்கள். என்னைப் பொய்க்காரி என்று சொன்ன அந்தப் பேச்சை நானே, என் வாயால், ஜெர்மனில் சொல்ல வேண்டும்.  பல்கலைக்கழகப் பேச்சுப் போட்டிகளில் வாங்கிய பரிசுக் கோப்பைகள் எல்லாம் கண்முன் வந்து, கையைத் தூக்கு தூக்கு என்றன. கையை ஸ்வெட்டர் பைக்குள் திணித்துக்கொண்டு, அவர் சொன்னது அத்தனையும், பால் உட்பட, அப்படியே சொன்னேன்.

கோச் என் பையைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார். நானும் மெதுவாக, இங்கிலீஷில், மானேஜருக்குச் சொன்னேன்: "அன்று மைதானத்தில் இவள் கை கீழேதான் இருந்தது, நான் பார்த்தேன். இருந்தாலும் நீங்கள் சொல்வதுபோல் இவள் தப்பாகச் சொல்கிறவள் என்றால், மெஷினைப் பற்றி நான் பத்து மாதம் சொல்லிக்கொடுத்ததும் இவள் வாய்வழியாகத்தான் வந்தது. எவ்வளவு சூடு, எந்த வால்வு, எப்போது நிறுத்துவது, எதையும் நம்ப முடியாது. மெஷின் ஒப்படைப்புத் தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். புதிய மொழிபெயர்ப்பாளர் வரட்டும். முதல் நட்டிலிருந்து தொடங்கலாம்."

 ஃபாக்டரிப் பக்கமிருந்து அந்த மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. மானேஜர் துரை பைக்குள்ளிருந்த என் கையைப் பார்த்தார். பிறகு பட்டியலை இழுத்துக் கையெழுத்துப் போட்டு, என் பக்கம் தள்ளினார். "இவள் நன்றாகத்தான் மொழிபெயர்க்கிறாள் என்று அவரிடம் சொல்" என்றார்.

பெயர் வாசித்தார்கள்

மாதக் கடைசி நாள், காலை மஸ்டர். நான் ஊருக்குக் கிளம்பும் நாளும் அதுதான். ஜீப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு வரிசைக்குப் பின்னால் போய் நின்றேன். கங்காணி நிரந்தரப் பட்டியலில் புதிய பெயர்களை வாசித்தார். "முத்தையா" என்றார்.  எத்தனையோ பந்துகளுக்குக் கண் சிமிட்டாதவர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். மறுபடி "முத்தையா!" என்றதும் பெண்கள் வரிசையிலிருந்து, "இருக்கான் இருக்கான், எழுதும்!" என்று ஒரு குரல் வந்தது. வரிசை முழுவதும் சிரித்தது. கங்காணி கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "பேச்சியம்மா, ஒம் பேரு இன்னும் வரலயே, இன்னைக்கித்தான கடைசி நாளு, என்ன அவசரம்?" என்றார். பேச்சியம்மாள் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்: "வர்றப்ப வரட்டும். நான் எங்கயும் போவல."

வாதாடி ஜெயித்தே மலையேறிய எனக்கு அந்தப் பத்து மாதத்தில் கிடைத்த பெரிய வெற்றி, வாயைத் திறந்து நான் என் பேச்சு எதையும் பேசாத அந்தப் பத்து நிமிஷத்தில் கிடைத்தது.